மணல் நம் கடலோரத்தில், காந்தம் சீனாவில்!

மும்பை பிரபாதேவியில் உள்ள சித்திவிநாயகர் கோவிலில் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம் அலைமோதும். வரிசையில் நிற்கும் தமிழர்களில் எத்தனை பேர் கோவிலுக்கு எதிரே உள்ள கட்டிடத்தைக் கவனித்து இருப்பார்கள்? அங்கேதான் "ஐ.ஆர்.இ.எல்." என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அதன் பழைய பெயர் "இந்தியன் ரேர் எர்த்ஸ்". கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு வேளை விழிப்பார். "மணவாளக்குறிச்சி மணல் ஆலை" என்று சொன்னால் சட்டென்று புரிந்து கொள்வார்.

அந்த மணலுக்குள் இருக்கும் சில உலோகங்களுக்காகத்தான் இன்று வல்லரசுகள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்கின்றன. அந்த உலோகங்கள் வராததால் 2025-ம் ஆண்டு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கார் தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றன. புனேயில் ஸ்கூட்டர் உற்பத்தி ஆட்டம் கண்டது. மணல் நம்மிடம் இருந்தும் நாமும் ஏன் சீனாவின் வாசலில் காத்து நின்றோம்? அதுதான் விசித்திரமான கதை.

கோப்பு போன பாதை

2025-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி சீன அரசு ஒரு உத்தரவு போட்டது. சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய 7 உலோகங்களையும், அவை கலந்த காந்தங்களையும் இனி லைசென்சு இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்பது உத்தரவு. "தடை" என்ற சொல்லை சீனா பயன்படுத்தவில்லை. ஆனால் லைசென்சு வாங்குவது என்றால் என்ன என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும்.

காந்தம் கேட்கும் இந்தியக் கம்பெனி, "இதை ராணுவ காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டோம்" என்று உறுதிமொழிச் சான்றிதழ் எழுத வேண்டும். அதற்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். பிறகு அது டெல்லியில் உள்ள சீனத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து காந்தம் விற்கும் சீனக் கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி வழியாக பீஜிங்கில் உள்ள வர்த்தக அமைச்சகத்துக்கு. மேஜை மேஜையாகக் கோப்பு நகர்ந்தது. மாதங்களும் நகர்ந்தன.

மே மாதம் அமெரிக்காவில் சிகாகோ நகரில் உள்ள போர்டு கார் தொழிற்சாலை ஒரு வாரம் மூடப்பட்டது. ஜப்பானில் சுசூகி கம்பெனி "ஸ்விப்ட்" கார் உற்பத்தியை நிறுத்தியது. ஜூலை மாதம் பஜாஜ் ஆட்டோவின் நிர்வாக இயக்குனர் ராஜீவ் பஜாஜ், ஆகஸ்டில் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தி பூஜ்யமாகக்கூட ஆகலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். நிலைமை அந்த அளவுக்கு முற்றவில்லை. ஆனால் பிம்பிரி, சாக்கன், ஓசூர் பக்கங்களில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் செய்தி வயிற்றில் புளியைக் கரைத்து இருக்கும். "லைன்" நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் அவர்கள்தானே!

அப்படி என்ன காந்தம்?

பள்ளிக்கூடத்தில் பார்த்த லாட காந்தத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்காது. இது நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் விஞ்ஞானிகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சட்டைப் பொத்தான் அளவு காந்தம் இரண்டு, விரல் நடுவே மாட்டிக்கொண்டால் தோல் கன்றிப்போகும். அவ்வளவு பிடி.

காந்தம் சிறியதாக இருந்தால் மோட்டாரும் சிறியதாகும். மோட்டார் சிறியதானால் வண்டியின் எடை குறையும். அதே பேட்டரியில் இன்னும் சில கிலோ மீட்டர் ஓடும். ஒரு மின்சார காரின் மோட்டாரில் 1 முதல் 2 கிலோ வரை இந்தக் காந்தம் இருக்கிறது. ஸ்கூட்டரில் அதைவிடக் குறைவு. பெட்ரோல் காரிலும் இது உண்டு: ஸ்டீரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் மோட்டார், கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார், ஒலிபெருக்கி என்று பல இடங்களில் ஒளிந்து இருக்கிறது. கடலில் நிறுத்தும் புதுவகை ராட்சத காற்றாலைகளுக்கோ ஒரு மெகாவாட்டுக்கு சுமார் 600 கிலோ வரை தேவைப்படும். (முப்பந்தல் கணவாயில் சுழலும் பழைய காற்றாலைகள் பலவற்றில் இந்தக் காந்தம் இல்லை. அவை வேறு வகை.)

மோட்டார் சூடேறினால் காந்தத்தின் பலம் குறையும். குறையாமல் இருக்க டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் சிறிதளவு சேர்ப்பார்கள். சாம்பாருக்குப் பெருங்காயம் போல. அளவு கொஞ்சம், இல்லாவிட்டால் சரிவராது. சீனா கைவைத்தது சரியாக அந்தப் பெருங்காயத்தில்தான்!

இந்தியா வெளிநாட்டில் இருந்து வாங்கும் கச்சா எண்ணெய் நமது தேவையில் 100-க்கு 85 பங்குக்கும் மேல். வளைகுடாவில் போர் என்றால் இங்கே பெட்ரோல் விலை நடுங்குகிறது. அந்தத் தொல்லையில் இருந்து தப்பிக்கத்தான் மின்சார வண்டி, காற்றாலை, சூரியசக்தி என்று அரசு திரும்பியது. எண்ணெயாவது 10 நாடுகளிடம் பேரம் பேசி வாங்கலாம். உலகில் செய்யப்படும் இந்த வகைக் காந்தங்களில் 10-ல் 9 பங்கு சீனாவில் செய்யப்படுகின்றன. பேரம் பேச அடுத்த கடை இல்லை.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

இனி மணவாளக்குறிச்சிக்குப் போவோம். கதை தொடங்குவது அங்கேதான்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் கேஸ் விளக்குகள். அவற்றில் வெள்ளை வெளேர் என்று ஒளிவிட ஒரு வலைப்பை மாட்டுவார்கள். நம் ஊர் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் "மேண்டில்" அதே சரக்குதான். அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அவுர் வான் வெல்ஸ்பாக். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. இது அவர் சமையல் குறிப்பு. தோரியம், சீரியம் இரண்டும் மோனசைட் என்ற மணலில் கிடைக்கும். அதற்கு பிரேசில் நாட்டை நம்பி இருந்தார்கள்.

திருவிதாங்கூரில் இருந்து ஐரோப்பாவுக்கு தேங்காய் நார்க் கயிறு கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டு இருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு போன மணலில் மினுமினுப்பான மஞ்சள் துகள்களை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் பார்த்தார். அது மோனசைட்! கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டே 1909-ல் மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியரின் கையில் இருந்து அந்தத் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் மணவாளக்குறிச்சி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந் தேதிதான்.

மின்சார பல்பு வந்ததும் மேண்டிலுக்கு மவுசு குறைந்தது. மணலுக்குக் குறையவில்லை. அணுகுண்டு வெடித்த பிறகு தோரியத்தில் இருந்தும் அணுசக்தி எடுக்கலாம் என்று தெரியவந்ததே காரணம். சுதந்திர இந்தியாவின் அணுசக்தித் துறையை உருவாக்கிய ஹோமி பாபா, நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம் என்பதைக் கணக்கில் வைத்து மூன்று கட்டத் திட்டம் வகுத்தார். மூன்றாம் கட்டத்தில் தோரியம். மோனசைட்டை அப்படியே அள்ளி வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை வந்தது.

1950 ஆகஸ்டு 18-ந் தேதி இந்தியன் ரேர் எர்த்ஸ் கம்பெனி பதிவானது. 1952 டிசம்பரில் கேரளத்தில் ஆலுவாய்க்கு அருகே பெரியாற்றங்கரையில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை பிரதமர் நேரு திறந்துவைத்தார். பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்ப உதவியோடு கட்டியது. அங்கே கிடைத்த தோரியம் சரக்கைச் சுத்தம் செய்ய பம்பாய் டிராம்பேயில் 1955-ல் ஒரு ஆலை வந்தது. செம்பூர், டிராம்பே வட்டாரத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அணுசக்தி நிலையத்தின் பஸ் பரிச்சயம். அந்த வளாகத்தின் ஆரம்பகால வேலைகளில் நம் கடற்கரை மணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

கோதுமைக்கு மணல்!

அந்த நாளில் இந்தியா இந்த விஷயத்தில் எவ்வளவு உஷாராக இருந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

1951-ல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டோம். அங்கே பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர், "கோதுமைக்குப் பதிலாக மோனசைட் கொடுக்கட்டும்" என்றார்கள். அணுசக்தி சம்பந்தப்பட்ட பொருளை விற்பதில்லை என்ற கொள்கையில் இருந்து நேரு இறங்கவில்லை. கடைசியில் கோதுமை கடனாக வந்தது.

1953-ல் இதைவிட வேடிக்கை. சீனாவுக்கு ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட்டை இந்தியா போலந்து கப்பலில் ஏற்றி அனுப்பியது. கம்யூனிஸ்டு நாட்டுக்கு இப்படிப்பட்ட சரக்கை விற்கும் நாடுகளுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்காவில் சட்டம் இருந்தது. பெரிய தகராறு ஆயிற்று. அன்று விற்றவர்கள் நாம், வாங்கியவர்கள் சீனர்கள்!

எள்ளும் புண்ணாக்கும்

பிறகு எங்கே பின்தங்கினோம்? இதற்கு விடை தெரிய மணலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடற்கரைக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று பல தாதுக்கள் கலந்து இருக்கும். தண்ணீரில் அலசி, உலர்த்தி, காந்தத்தாலும் உயர் மின்அழுத்தத்தாலும் இவற்றை ஒன்றில் இருந்து ஒன்றாகப் பிரிப்பார்கள். மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தில் சவறாவிலும், ஒடிசாவில் சத்ரபூரிலும் நடப்பது இது. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. பெரிய அளவில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மோனசைட்டை எடுத்த பிறகுதான் உண்மையான கஷ்டம். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அமிலத்தில் கரைத்து, தோரியத்தை ஒதுக்கினால் மீதி கிடைப்பது "அரிய மண்" உலோகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரு உப்பு. சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் என்று வரிசையாகப் பெயர். மொத்தம் 17 உலோகங்களை இந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த அண்ணன் தம்பிகள். ரசாயனத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம்தான். அந்த மயிரிழையைப் பிடித்து, தொட்டி தொட்டியாக நூற்றுக்கணக்கான முறை அமிலக் கரைசலையும் மண்எண்ணெய் போன்ற திரவத்தையும் கலக்கி, தெளியவைத்து, கலக்கி, தெளியவைத்துத்தான் நியோடிமியத்தைத் தனியே எடுக்க முடியும்.

அதன்பின் ஆக்சைடை உலோகமாக்க வேண்டும். உலோகத்தை இரும்போடு உருக்க வேண்டும். உருக்கியதை மாவைவிட மெல்லிய பொடியாக அரைக்க வேண்டும். காற்றுப்பட்டால் தீப்பற்றிக்கொள்ளும் பொடி அது. காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைத்து, அறுத்து, நிக்கல் முலாம் பூச வேண்டும். இதில் ஒவ்வொரு படியும் தனித்தொழில்.

நம்மவர்களுக்கு தோரியம் மேல் கண். அரிய மண் உலோகங்கள் கூடவே கிடைத்த உபரிச் சரக்கு. சிகரெட் லைட்டரின் தீக்கல்லுக்கும், கண்ணாடி மெருகேற்றவும் விற்றார்கள். எண்ணெய்க்காக எள்ளை ஆட்டினார்கள். புண்ணாக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிற்காலத்தில் புண்ணாக்குதான் எண்ணெயைவிட விலை போகும் என்று 1950-களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே அன்று இருந்தவர்களைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. 1984-க்குப் பிறகும், காந்தம் உலகச் சந்தைக்கு வந்த பிறகும், 40 வருஷம் காந்த ஆலையைப் பற்றி பெரிதாக எதுவும் செய்யாமல் இருந்தார்களே, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சீனா சும்மா இருக்கவில்லை

இந்தியா தோரியத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த அதே காலத்தில், பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சூ குவாங்சியன் என்ற ரசாயனப் பேராசிரியர் 1970-களில் அண்ணன் தம்பி உலோகங்களை மலிவாகப் பிரிக்க ஒரு கணக்குமுறை வகுத்தார். எத்தனை தொட்டி, எவ்வளவு திரவம் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். வருஷக்கணக்கில் சோதனை செய்ய வேண்டாம். அந்த முறையைத் தொழிற்சாலைகளுக்கு வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்தார்கள்.

உள் மங்கோலியப் பகுதியில் பாயன் ஓபோ என்ற இரும்புச் சுரங்கத்தில் இரும்போடு அரிய மண்ணும் சேர்ந்தே வருகிறது. ஆகவே தோண்டும் செலவு குறைவு. சுற்றுச்சூழல் கட்டுப்பாடு அன்று பெயரளவுக்குத்தான். பாவோடவ் நகருக்கு வெளியே கழிவுகள் ஏரியாகத் தேங்கிக் கிடப்பதை உலகப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டு இருக்கின்றன. அந்த மலிவு விலைக்கு ஒரு பங்கு பணத்தை அங்கே இருந்த கிராமத்து ஜனங்கள் உடம்பால் கட்டினார்கள் என்றும் சொல்லலாம்.

1992-ல் டெங் சியோபிங், மத்திய கிழக்கில் எண்ணெய் இருக்கிறது, சீனாவில் அரிய மண் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அது வெறும் பெருமைப் பேச்சாகத் தெரிந்தது. 1995-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் காந்தப் பிரிவையே விற்றது. வாங்கிய கூட்டில் சீனக் கம்பெனிகள் இருந்தன. சில ஆண்டுகளில் இயந்திரங்கள் அமெரிக்காவை விட்டுக் கிளம்பின. சீன விலையோடு போட்டி போட முடியாமல் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2002-ல் நின்றது. அந்த விலை ஆலுவாயையும் விடவில்லை. 2004 வாக்கில் அங்கே மோனசைட்டைக் கரைப்பது நிறுத்தப்பட்டது. கட்டுப்படி ஆகவில்லை என்றார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒடிசாவில் புதிய ஆலையில் அந்த வேலை மீண்டும் தொடங்கியது.

முதலில் அடிபட்டது ஜப்பான். 2010 செப்டம்பரில் சர்ச்சைக்குரிய தீவு அருகே சீன மீன்பிடி படகின் தலைவரை ஜப்பான் கைது செய்தது. அரிய மண் வருவது நின்றுபோனது. ஜப்பான் புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் கொடுத்தது. தாது ஆஸ்திரேலியாவில், பிரிப்பு மலேசியாவில் குவாந்தான் அருகே, காந்தம் ஜப்பானில். இந்தியாவிடமும் 2012-ல் ஒப்பந்தம் போட்டு நமது சரக்கை வாங்கியது. உள்நாட்டுத் தேவைக்கு வேண்டும் என்பதால் அந்த ஏற்றுமதியை நிறுத்திவைக்கும்படி ஐ.ஆர்.இ.எல்.லிடம் அரசு கேட்டுக்கொண்டதாக 2025 ஜூனில் செய்திகள் வந்தன.

அமெரிக்காவோ 2025 ஜூலையில் இன்னொரு வழிக்குப் போனது. மவுண்டன் பாஸ் சுரங்கத்தை நடத்தும் கம்பெனியில் ராணுவ இலாகாவே பங்கு வாங்கியது. சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் கிலோவுக்கு 110 டாலர் குறையாமல் கிடைக்கும் என்று உத்தரவாதம் கொடுத்தது. சந்தை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று உலகத்துக்கே பாடம் நடத்திய நாடு, நம் ஊர் நெல் கொள்முதல் விலை மாதிரி ஒன்றை மணலுக்கு நிர்ணயித்து இருக்கிறது!

6 ஆயிரம் டன் கணக்கு

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் கணக்குப்படி அரிய மண் இருப்பில் சீனா, பிரேசிலுக்கு அடுத்து மூன்றாவது இடம் இந்தியாவுக்கு; 69 லட்சம் டன். ஆனால் 2024-ல் சீனா தோண்டியது 2 லட்சத்து 70 ஆயிரம் டன். இந்தியா 2,900 டன். சீனாவின் 100 பங்குக்கு நாம் ஒரு பங்கு.

ஏப்ரல் உத்தரவுக்குப் பிறகு டெல்லி வேகம் காட்டியது. அதற்கு முன்பே, 2023-ல் அவசியமான 30 தாதுக்களின் பட்டியல் வெளியானது. 2025 ஜனவரியில் ரூ.16,300 கோடியில் தேசிய அரிய தாது இயக்கத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. லித்தியத்துக்காக அர்ஜென்டினாவில் கட்டமார்க்கா மாநிலத்தில் 15,703 ஹெக்டேர் நிலத்தில் ஆய்வு செய்ய 2024-ல் ஒப்பந்தம் ஆனது. காஷ்மீரில் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக 2023-ல் தடபுடலாக அறிவித்தார்களே, அதை ஏலம் விட்டபோது போதிய ஆள் வரவில்லை.

காந்தத்துக்கான திட்டம் 2025 நவம்பர் 26-ந் தேதி வந்தது. ரூ.7,280 கோடி. ஆண்டுக்கு 6 ஆயிரம் டன் காந்தம் செய்யும் ஆலைகளை உள்நாட்டில் அமைக்க தனியார் கம்பெனிகளுக்கு உதவி. அதற்கு முன் நம்மிடம் என்ன இருந்தது? விசாகப்பட்டினத்தில் ஐ.ஆர்.இ.எல். அமைத்து, 2023 மே மாதம் பிரதமர் அர்ப்பணித்த ஆலை. ராணுவத்துக்கும் விண்வெளித் துறைக்கும் தேவையான சமேரியம்-கோபால்ட் காந்தம் செய்வது. அதன் திறன் ஆண்டுக்கு 3 ஆயிரம் கிலோ. கிலோதான், டன் அல்ல.

இப்போது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. காந்தத்தின் எடையில் 100-க்கு சுமார் 30 பங்கு நியோடிமியமும் பிரசியோடிமியமும். 6 ஆயிரம் டன் காந்தத்துக்கு 1,800 டன் உலோகம் வேண்டும். ஐ.ஆர்.இ.எல். இப்போது தரக்கூடியது ஆண்டுக்கு 400, 500 டன் அளவில்தான். ஆலைகள் எல்லாம் எழுந்து நின்றாலும் முக்கால் பங்கு சரக்கு வேறு எங்கிருந்தோ வர வேண்டும். அந்த "பெருங்காயம்" இருக்கிறதே, டிஸ்புரோசியமும் டெர்பியமும், அவை நம் கடற்கரை மணலில் எடுக்கக்கூடிய அளவில் இல்லை என்று மத்திய அரசே பாராளுமன்றத்தில் சொல்லி இருக்கிறது.

காயலாங்கடையில் ஒரு சுரங்கம்

பழைய கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் "ஹார்டு டிஸ்க்"கை உடைத்தால் பளபளப்பாக வளைந்த இரண்டு துண்டுகள் வரும். இரும்பில் ஒட்டினால் பிய்த்து எடுக்க முடியாது. அது நியோடிமியம் காந்தம்தான். காயலாங்கடையில் அதைத் தனியே யாரும் எடைபோடுவது இல்லை. இரும்போடு இரும்பாக உலைக்குப் போய்விடுகிறது.

2025 செப்டம்பரில் இப்படிப்பட்ட பழைய சாமான்களில் இருந்து அரிய தாதுக்களைப் பிரிப்பவர்களுக்கு ரூ.1,500 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மும்பை தாராவி, டெல்லி சீலம்பூர் சந்துகளில் பழைய பொருள்களை உடைத்துப் பிரித்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கானோர் கையுறைகூட இல்லாமல் வேலை செய்கிறார்கள். பொறுக்கிக் கொடுப்பவர்கள் அவர்கள். ஊக்கத்தொகை பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு. இடையில் எவ்வளவு கசியும் என்பது இனிமேல்தான் தெரியும்.

கிள்ளியூரில் என்ன சத்தம்?

மேலே போட்ட கணக்கு முடிவாக வந்து நிற்கும் இடம் கடற்கரை. நியோடிமியம் அதிகம் வேண்டும் என்றால் மோனசைட் அதிகம் வேண்டும். மோனசைட் அதிகம் வேண்டும் என்றால் இன்னும் மணல் தோண்ட வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய 5 கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் ஐ.ஆர்.இ.எல்.லுக்காகத் தயாராக உள்ளது. 2024-ல் விவரம் வெளியே தெரிந்ததும் மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வளைகுடாவிலும், கொச்சியிலும், மும்பையிலும் வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டில் இருந்து வந்த போன்களில் அப்போது இதுதான் பேச்சு.

அவர்கள் பயப்படுவது இரண்டு விஷயங்களுக்காக. ஒன்று, கடல் அரிப்பு. மணலை எடுத்தால் அலை வீட்டு வாசலுக்கு வரும் என்கிறார்கள். கேரளத்தில் கொல்லம் மாவட்டம் ஆலப்பாடு கிராமத்தில் இதே குறையைச் சொல்லி 2018-2019-ல் பெரிய போராட்டம் நடந்தது. மற்றொன்று, கதிரியக்கம். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அந்தக் கடற்கரையே இயற்கையாகக் கதிர்வீச்சு அதிகம் உள்ள பகுதி. பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளி கடற்கரை மக்களை நீண்ட காலம் கவனித்து, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, மண்ணில் இருந்து வரும் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை என்றது. மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்பது ஆலைத் தரப்பின் வாதம். ஊரில் ஒவ்வொரு தெருவிலும் புற்றுநோயில் போனவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்களிடம் இந்த வாதம் எடுபடவில்லை.

எடுபடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 8-ந் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுசக்தி தாதுக்கள், அரிய தாதுக்கள் தோண்டும் திட்டங்களுக்கு இனி பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியது இல்லை என்பது அதன் சாரம். நாட்டின் பாதுகாப்பு, அவசரம் என்று காரணம் சொன்னார்கள். அதை வாபஸ் பெற வேண்டும் என்று தமிழக முதல்-மந்திரி என்ற முறையில் மு.க.ஸ்டாலின் அந்த மாதமே பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அவசரம் உண்மைதான். ஆனால் கஷ்டம் ஆலுவாய்க்கு அப்பால் உள்ள படிகளில், பிரிப்பதிலும் உருக்குவதிலும் காந்தம் வார்ப்பதிலும் இருக்கும்போது, ஜனங்களிடம் கேட்பதை நிறுத்துவதால் எத்தனை மாதம் மிச்சமாகும்? சீனா முந்தியது சூ குவாங்சியனின் வகுப்பறையில். கிராமசபையின் வாயை அடைத்து ஒரு காந்தமும் செய்ய முடியாது.

மீனவர்கள் கேட்கும் வேறொரு கேள்விக்கும் இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மணல் அள்ளும் வேலை கிள்ளியூரில். மோனசைட் கரைப்பது ஒடிசாவில். உலோகத்தைச் சுத்தம் செய்வது ஆலுவாயில். புதிய காந்த ஆலைகள் எந்த மாநிலத்துக்குப் போகுமோ தெரியாது. நல்ல சம்பளம் உள்ள வேலை கடைசிப் படியில்தான் இருக்கிறது. அதில் ஒரு ஆலையாவது குமரி மாவட்டத்துக்கு வருமா, அல்லது அதற்கும் ரெயில் ஏறித்தான் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள்.